உட்ரெக்டில் தாளம், கரோலினாவில் குரல்

(தூத்துக்குடி மாவட்டம் புதுக்கோட்டையில் இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



என்னைக் கூப்பிட வந்த தம்பிகள் ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். ராப் எழுதிப் பாடுகிறவன் இங்கே இருக்கிறான். பீட் போடுகிற கூட்டாளி துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த ஆல்பம் பாதியில் நிற்கிறது. அவன் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருப்பதா, இல்லை, இருந்த இடத்திலிருந்தே முடிக்க வழி உண்டா?

உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உண்டு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு சேர்ந்து பாட்டுச் செய்வதற்கு அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்வதையெல்லாம் தூரத்தில் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதோடு, பங்கு என்ன, பேர் எங்கே என்பதையெல்லாம் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் துபாயும் ஒன்றுதான், தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டும் ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வில்லுப்பாட்டுதான் நம்முடைய ராப், கணியான் கூத்துதான் நம்முடைய ராப் என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. வில்லுப்பாட்டு வில்லுப்பாட்டுதான். மகுடத்தில் உச்சமும் மந்தமும் சேர்ந்து பேசுகிற கணியான் கூத்துக்கு இன்னொரு பேர் வைக்க வேண்டிய தேவை இல்லை. ராப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ். 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் கூல் ஹெர்க் என்கிற ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞர் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்து ஒரு விருந்துக்குப் பாட்டுப் போட்டார். ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் வறுமையிலிருந்து உண்டாக்கிய கலை அது. அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம் என்று நன்றியோடு சொல்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. வாங்கியதை நாம் சும்மாவும் வைத்திருக்கவில்லை. மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, தமிழில் ராப் என்பது சினிமாப் பாட்டின் நடுவே வந்து போகிற நாலு வரி அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தூரத்திலிருந்து ஆல்பம் என்றாலே இந்தத் துறையில் இருக்கிறவர்கள் முதலில் சொல்கிற பெயர் ‘தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’. இரண்டு பேர் கொண்ட குழு. ஒருவர் ஃபோன்டே கோல்மன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ‘லிட்டில் பிரதர்’ என்கிற ராப் குழுவில் இருந்தவர். இன்னொருவர் நிக்கோலே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்காரர். வீட்டிலேயே உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து பீட் செய்கிறவர். அவர் இணையத்தில் போட்டிருந்த பீட்டை ஃபோன்டே கேட்கிறார். பிடித்துப்போகிறது. இதில் நான் பாடட்டுமா என்று கேட்கிறார். அங்கே தொடங்கியதுதான்.

ஒரு பாட்டு செய்தார்கள். அது தேறியது. இன்னொன்று செய்தார்கள். நிக்கோலே தாளத்தை அனுப்புவார். ஃபோன்டே அதன் மேல் வரி எழுதிக் குரலைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். நிக்கோலே அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி இசையை மாற்றுவார், கூட்டுவார், சில இடங்களில் எடுத்துவிடுவார். டேரியன் பிராக்கிங்டன், யாசரா போன்ற பாடகர்களும் கரோலினாவிலிருந்து குரல் கொடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். இன்றைக்கு இருக்கிற வேகமான இணையமும் இல்லை, பெரிய ஃபைலை அனுப்புகிற வசதியும் இல்லை. மின்னஞ்சலிலும் இணைய அரட்டைச் செயலியிலும் துண்டு துண்டாகப் போய் வந்தது அந்த இசை. 2004 ஆகஸ்டில் ‘கனெக்டட்’ என்கிற ஆல்பம் லண்டனின் பி.பி.இ. நிறுவனம் வழியாக வெளிவந்தது. ஆல்பம் செய்து முடிக்கிற வரைக்கும் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

இதை இங்கே இருக்கிற பெற்றோர் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கை குலுக்கியதில்லை, சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை. ஆனாலும் அந்த ஆல்பத்தைக் கேட்கிற யாருக்கும் அது இரண்டு கண்டத்தில் செய்தது என்று தோன்றாது. ஒரே அறையில், ஒரே இரவில் உட்கார்ந்து செய்தது போல இழைந்து கிடக்கும். எப்படி?

ஒரே அறையில் இருந்திருந்தால் நிக்கோலே பீட்டைப் போட்டுக்கொண்டே ஃபோன்டேயின் முகத்தைப் பார்த்திருப்பார். முகம் கொஞ்சம் சுருங்கினால் அந்த இடத்தை மாற்றியிருப்பார். ஃபோன்டே பாடும்போது நிக்கோலே தலையை ஆட்டினால் அது சரியான டேக் என்று நினைத்துக்கொண்டு நிறுத்தியிருப்பார். நட்பும் சரி, அந்த நேரத்து உற்சாகமும் சரி, ஒரு சுமாரான டேக்கையும் நல்ல டேக் என்று நம்ப வைத்துவிடும். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கக் கிடைப்பது ஒலி ஒன்றுதான். முகம் இல்லை, சூழ்நிலை இல்லை, ராத்திரி ரெண்டு மணி வரை கஷ்டப்பட்டோமே என்கிற பரிதாபம் இல்லை. மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக் கேட்கிறான். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை. பிற்பாடு உலகம் எங்கும் கேட்கப் போகிற ரசிகர்கள் எந்த நிலையில் கேட்பார்களோ, அதே நிலையில் முதல் ரசிகனாக உன் கூட்டாளி கேட்டுவிடுகிறான். தூரம் தருகிற பெரிய கொடை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வருடங்களில் ராப் அல்லாத இன்னொரு ஆல்பமும் இப்படி வந்தது. ‘தி போஸ்டல் சர்வீஸ்’ என்கிற இருவர், ஒருவர் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒருவர் சியாட்டிலிலும் இருந்துகொண்டு, பதிவு நாடாக்களைத் தபாலில் அனுப்பி 2003-இல் ஓர் ஆல்பம் முடித்தார்கள். தபாலில் வந்து போனதால் குழுவுக்கு அந்தப் பேர். அமெரிக்கத் தபால் துறை எங்கள் பேரை எப்படி வைக்கலாம் என்று கடிதம் அனுப்பியது. பிறகு சமாதானமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள்.

ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “வீடியோ கால் இருக்கே, அவன் அங்கிருந்து பீட்டை ஓட்டட்டும், நான் இங்கிருந்து நேரடியாகப் பாடிவிடுகிறேனே?” நல்ல கேள்வி. இது ஏன் முடியாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு தெரிந்தால் வீண் முயற்சி மிச்சம்.

கடலுக்கடியில் போகிற கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கூட்டாளி டொராண்டோவில் இருக்கிறான் என்று வையுங்கள். நம் ஊரிலிருந்து அது 13 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. ஒரு வளைவும் இல்லாமல் நேராகப் போனாலே ஒரு வழிக்கு 65 மில்லிவிநாடி, போய் வர 130. கேபிள் நேராகப் போவதில்லை. ஒலியை எண்களாக மாற்றி, துண்டு துண்டாக அனுப்பி, மறுமுனையில் மறுபடி ஒலியாக்கவும் நேரம் பிடிக்கும். ஆக, உண்மையில் இன்னும் அதிகம். நிமிஷத்துக்கு 90 அடி என்கிற நடுத்தர வேகத்தில் ஒரு பீட் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு அடிக்கு 667 மில்லிவிநாடி. ராப் பாடுகிறவன் ஒரு அடியை நாலாக வெட்டி அதில் சொல் போடுவான். ஒரு வெட்டுக்கு 167 மில்லிவிநாடி. தாமதமே அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் சொல் எங்கே விழும்? அடுத்த வெட்டில் விழும். ஒன்றாக வாசிக்கிறவர்களுக்கு 25, 30 மில்லிவிநாடி தாண்டினாலே தடுமாற்றம் தொடங்கிவிடும்.

பனிமய மாதா திருவிழாவில் பவனி போகும்போது கவனித்திருப்பீர்கள். முன்னால் பேண்டு வாத்தியம் போகும், ஜெபம் பாடுகிற கூட்டம் வெகு பின்னால் வரும். இரண்டும் சேராது. காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றாலே 100 மில்லிவிநாடி பிந்திவிடும். அதே சங்கடம்தான் இதுவும்.

அதனால் தூரத்து ஆல்பம் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுகிற வேலை கிடையாது. ஒருவர் செய்து முடித்து அனுப்ப, மற்றவர் அதை வாங்கி மேலே செய்வது. உங்கள் ஊரில் இரவு பத்து மணி என்றால் டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை பதினொன்றரை. நீங்கள் அனுப்பிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் அவர் வேலையை முடித்து வைத்திருக்கலாம். துபாய்க்காரருக்கு ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் அவருக்கு ஷிப்ட் வேலை, வார விடுமுறையை விட்டால் நேரம் கிடைக்காது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

வேலை முறையில் சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அவற்றில் தவறினால் ஆல்பமே சிதறும். குரலைப் பதிவு செய்யும்போது எக்கோ எதுவும் சேர்க்காமல் வெறும் குரலாக அனுப்ப வேண்டும். சேர்த்ததைப் பிறகு பிரிக்க முடியாது. பீட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதான் பாட வேண்டும், ஸ்பீக்கரில் விட்டால் பீட்டும் மைக்கில் ஏறிவிடும். எந்த ஃபைலாக இருந்தாலும் பாட்டின் முதல் விநாடியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு நிமிஷம் கழித்துத்தான் உங்கள் குரல் வருகிறதா? அந்த ஒரு நிமிஷ மௌனத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். அப்போதுதான் மறுமுனையில் போட்டதும் தானாக இடத்தில் உட்காரும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்த ஒற்றைக் குரல் நிமிஷத்துக்கு எட்டரை எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு நிமிஷப் பாட்டுக்கு 35 எம்.பி. இன்றைக்கு இங்கே இருக்கிற எந்தப் போனிலும் அது போகும். ஸ்டுடியோ வேண்டுமே என்றால், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மதியம் லாரி சத்தம் இருக்கும், ராத்திரியில் எடுங்கள்.

இதெல்லாம் கைவேலை. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இந்தக் கரையில் ஒரு நல்ல உவமை இருக்கிறது.

1961-க்குப் பிறகு நம் கடலில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. முத்தை இழந்த பிறகும் சங்கு குளிக்கிற பழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் முத்துக் குளித்தது எப்படி என்று உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருக்கிறவருக்கு மேலே நடப்பது தெரியாது, மேலே இருக்கிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. இருவருக்கும் நடுவில் இருக்கிற ஒரே மொழி அந்தக் கயிற்றின் அசைவு. கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வது வழக்கம். தன் அக்காளோ தங்கையோ தாலி இழந்து நிற்பதை அவன் பொறுக்க மாட்டான் என்பதுதான் காரணம். அதாவது, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும் என்றால், அந்த நம்பிக்கைக்கு வெறும் அன்பைத் தவிர இன்னொரு பிடிமானமும் வேண்டும் என்று நம் ஆட்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

தூரத்து ஆல்பத்தில் அந்தப் பிடிமானம் எது? அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்த வேலைமுறை நம் கரைக்குப் புதிதல்ல என்று காட்டுகிற ஒரு சங்கதி.

தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கம். அந்த நூலின் தமிழ் உருவானது நம் முத்துக்குளித்துறையில். அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்கிற என்றிக் என்றிக்கஸ், நமக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலை மையமாக வைத்து, இந்தக் கரை மக்களிடம் தமிழ் கற்று எழுதினார். மனுவேல் சான் பேத்ரோ அவரோடு சேர்ந்து வேலை செய்தார். எழுத்து வார்த்தது கோவாவில் கொஞ்சம், கொல்லத்தில் கொஞ்சம். அச்சடித்தது கொல்லத்தில். செலவுக்கு இந்தக் கரைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். எழுதியவர் ஓர் ஊரில், எழுத்தை வார்த்தவர் இன்னோர் ஊரில், அச்சிட்டது வேறோர் ஊரில், காசு மற்றோர் ஊரிலிருந்து. நடுவில் கப்பல் போக்குவரத்துதான். அந்த அடிகளார் 1600-இல் காலமாகி இதே தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை நினைக்கிற நாம் அந்த எழுத்தை வார்த்த கொல்லனையும் நினைக்கிறோமா என்றொரு கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கேள்விதான் இந்தப் பேச்சின் இரண்டாம் பாதி.

மாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர். லண்டனில் பிறந்து, குழந்தையில் யாழ்ப்பாணம் போய், சிறிது காலம் சென்னையில் இருந்து, போர் காரணமாக மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போன குடும்பம். 2005-இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரை ஒட்டி ‘அருளர்’ என்று பேர் வைத்தார். அடுத்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்கிற பெரிய தயாரிப்பாளரோடு வேலை செய்யத் திட்டம் போட்டார். 2006-இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை.

அங்கே உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கலாம். அவர் கிளம்பிவிட்டார். சென்னைக்கு வந்தார். ஸ்விட்ச் என்கிற இங்கிலாந்துத் தயாரிப்பாளரோடு, ஏ.ஆர்.ரகுமானின் ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தார். ‘போய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ என்கிற அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், உறுமியின் அந்த உராய்கிற சத்தம் லண்டன் கிளப்பிலும் அதே கோபத்தோடு உறுமும். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டின் வீடியோவை நமக்கு வடக்கே இராமேஸ்வரம் கரையில், மீனவர்களுக்கு நடுவில் எடுத்தார். பிறகு டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் ஒலியைச் சேர்த்துக்கொண்டே போனார். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளின் ‘வில்கேனியா மாப்’ குழு ஒரு பாட்டில் வருகிறது. நைஜீரியக் குடும்பத்து லண்டன் பையன் ஆப்பிரிக்கன் பாய் இன்னொன்றில் வருகிறார். 2007 ஆகஸ்டில் அம்மாவின் பெயரை வைத்து ‘கலா’ வந்தது. விசா மறுத்த நாட்டிலேயே அதிலிருந்து ‘பேப்பர் பிளேன்ஸ்’ கிராமி பரிந்துரை வரைக்கும் போனது. ஈழத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, கதவு அடைத்த பிறகு, தானே ஊர் ஊராகப் போய்ச் செய்த ஆல்பம் அது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்குகிறது. மறைக்க வேண்டிய பெருமை இல்லை அது.

ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் முறையும் மாயா முறையும் வேறு வேறு. அவர்கள் இருவரும் வீட்டைவிட்டு நகரவில்லை, ஒலி மட்டும் பயணம் போனது. இங்கே பாடகியே பயணம் போனார். இரண்டும் தூரத்துக்குப் பணியாத வழிகள்தான். ஆனால் இரண்டாவதில் ஒரு கேள்வி கூடுதலாக நிற்கிறது. ‘கலா’வைக் கேட்ட உலகம் மாயாவின் பேரைச் சொல்லும், ஸ்விட்ச் பேரைச் சொல்லும். அந்த உறுமியை அடித்தவர்களின் பேர் எந்த நாவிலும் வருவதில்லை. பாட்டின் உயிரே அந்த அடிதான்.

நீங்கள் நாளைக்கு ஒரு மகுடம் அடிக்கிற பெரியவரைக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் அடிக்க வைத்து, அதை வெட்டித் துபாய்க்கு அனுப்புவீர்கள். அங்கே அது ஒரு ஃபைல். அதற்குப் பேர் ‘டிரம் 3’ என்று இருக்கும். தூரம் பேரை அழிக்கிற விதம் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது அவசரத்தில் விட்டுப்போகிறது, அவ்வளவுதான். அதனால் என் வேண்டுகோள்: வாசித்தவரின் முழுப் பெயரை ஃபைலின் பெயரிலேயே வையுங்கள். அது வெட்டினாலும் ஒட்டினாலும் கூடவே போகும்.

தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. அறிவு என்கிற ராப் கவிஞரும் ஆஃப்ரோ என்கிற இசைத் தயாரிப்பாளரும் 2019-இல் ‘தெருக்குரல்’ ஆல்பம் செய்தார்கள். அது தூரத்து ஆல்பம் இல்லை. ஆனால் ஒரு பாடகர், ஒரு தயாரிப்பாளர், இருவருக்கும் சம மரியாதை, இருவர் பேரும் ஒன்றாக முன்னால் என்பதை எங்களைப் போன்றவர்கள் அதில் பார்த்தோம். டொராண்டோ பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணத்து ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கம் வாசிக்கிற யாஞ்சனோடு சேர்ந்து செய்த ‘மிருதங்கம் ராப்ஸ்’ தொடரும் அந்த வகைதான். அதே ஷான், பெருந்தொற்று அடங்காத 2021-இல், சென்னையின் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்து செய்த ‘நீயே ஒளி’ ‘சார்பட்டா பரம்பரை’ படத்தோடு நம் வீடுகளுக்குள் வந்தது. தம்பிகளில் எத்தனையோ பேர் அதைக் கேட்டுத்தான் பயிற்சிக்கு ஓடுகிறீர்கள் என்று தெரியும்.

அதே 2021-இல், மார்ச் மாதம், அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அந்தப் பாட்டைப் பற்றி யாரையும் குற்றம் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அதில் இருக்கிற எல்லோரும் நம் பிள்ளைகள், எல்லோரும் உழைத்தவர்கள். நடந்ததை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லாமல் படம் வந்தது. பெரிய மனவருத்தம் எழுந்தது. பிறகு அவரை வைத்து இன்னோர் அட்டை வந்தது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு மேடையேறியபோது அதே வருத்தம் மறுபடி எழுந்தது. 2024-இல் அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு. உலகமே அறிவின் பாட்டி வள்ளியம்மாவின் கதையைக் கேட்டு ஆடியது. அந்தப் பாட்டில் இருந்தவர்களுக்குள்ளேயே பேரும் காசும் சிக்கலாகும் என்றால், புதுக்கோட்டையிலிருந்தும் துபாயிலிருந்தும் தொடங்குகிற இரண்டு தம்பிகள் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்?

மச்சான் கயிறு பிடிக்கிற அந்தப் பிடிமானம் என்னவென்று கேட்டேனே. அது ஒரு தாள். ஆல்பத்தைத் தொடங்குகிற அன்றைக்கே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும், உரிமையை வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று எழுதினார்கள். சினிமாவில் சேராத தனிப் பாட்டுக்கும் அது பொருந்தும். வாரிசுக்கு விடலாம், ராயல்டி வசூலிக்கிற சங்கத்துக்கு ஒப்படைக்கலாம். அவ்வளவுதான். ஐ.பி.ஆர்.எஸ். என்கிற சங்கம் 1969 முதல் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதில் உறுப்பினராகலாம். வரிக்கும் இசைக்கும் இருக்கிற உரிமை வேறு, பதிவான ஒலிக்கு இருக்கிற உரிமை வேறு. பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரைத்தான் சட்டம் அதன் தயாரிப்பாளராகப் பார்க்கும். நீங்கள் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்றிருந்தால், சேர்ந்துதான் ஏற்றோம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். வெளியிடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்கிற பன்னிரண்டு எழுத்து அடையாள எண் வாங்குங்கள். பாட்டு எந்த நாட்டில் ஓடினாலும் அந்த எண்தான் இது எந்தப் பதிவு என்று சொல்லும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? வரி யாருடையது, இசை யாருடையது, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு எவ்வளவு. பீட்டை அவன் வேறு யாருக்காவது கொடுக்கலாமா, கூடாதா. வாசிக்க வந்தவருக்குக் கொடுத்த தொகை, அவர் பேர் எங்கே வரும். ஒருவர் பாதியில் விலகினால் செய்து முடித்த பாட்டுகள் என்னாகும். கடைசி மிக்ஸ் சரியா என்பதில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவு யாருடையது. இதை எழுதக் கேட்டால் கூட்டாளி கோபித்துக்கொள்வானோ என்று தயங்காதீர்கள். நல்ல கூட்டாளி கோபிக்க மாட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து திரிந்த நட்பைக் காப்பாற்றுகிற காகிதம் அது என்று அவனிடம் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நிக்கோலே 2006-இல் வட கரோலினாவின் வில்மிங்டன் என்கிற துறைமுக நகரத்துக்கே குடியேறினார். அந்த இருவரும் பிறகு சொந்தமாக ஒரு இசை நிறுவனம் தொடங்கினார்கள். 2008-இல் இரண்டாம் ஆல்பம் வந்தது, அதிலிருந்து ஒரு பாட்டு கிராமி பரிந்துரைக்குப் போனது. இணையத்தில் போட்ட ஒரு பீட்டும், இதில் நான் பாடட்டுமா என்கிற ஒரு கேள்வியும்தான் அதற்கு முதல். உங்கள் பிள்ளை ராத்திரி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிறான் என்றால் பயப்படாதீர்கள். சில நாள் ஃபேனை அணைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் இருங்கள், போதும்.

பங்குத் தாளின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். பூர்த்தி செய்யும்போது சந்தேகம் வந்தால் இப்போதே கேளுங்கள். நூற்றுக்கு எவ்வளவு என்கிற கட்டத்தில்தான் எல்லோரும் பேனாவை நிறுத்துவார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.